பதினாறாம் எண் அணி

வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று கேட்டு, நான் பெயரைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், எட்டாவதுல அந்த ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு என்னை மட்டும் ஏன் டீச்சர் அனுப்பல?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. ஆனால் ஒரு வரலாற்றுப் பாடம் நடத்தாமல் உங்கள் டீச்சருக்குப் பதில் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைய பாடம் அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டி. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

நான் 2017இல் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தம்பி மகன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம், பால்டிமோர் நகரத்துக்குப் பக்கம். மார்ச் மாதம் பிறந்ததும் அங்கே எல்லோர் கையிலும் ஒரே மாதிரி ஒரு தாள் இருப்பதைப் பார்த்தேன். அதற்கு 'ப்ராக்கெட்' என்று பெயர். இரண்டு ஓரங்களிலும் 64 அணிகளின் பெயர்கள் இருக்கும். இரண்டிரண்டாக இணைந்து, நடுவில் ஒரே ஒரு கோட்டில் வந்து முடியும். எந்த அணி எந்த அணியை ஜெயிக்கும் என்று முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு கோட்டிலும் எழுதிவிட வேண்டும். ஆபீஸில், பள்ளிக்கூடத்தில், முடி வெட்டும் கடையில், எல்லா இடத்திலும் இதே பேச்சு. தம்பி மகன் என்னிடமும் ஒரு தாளைக் கொடுத்து, "அத்தை, கணக்கு டீச்சர்தானே, நிரப்புங்க பார்க்கலாம்" என்றான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 64 அணிகள், தோற்றால் வெளியே. மொத்தம் எத்தனை ஆட்டம்? 32, 16, 8 என்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி வெளியேறுகிறது. கடைசியில் ஒரே ஓர் அணி மிஞ்ச வேண்டும் என்றால் 63 அணிகள் வெளியேற வேண்டும். ஆகவே 63 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவுகள் சாத்தியம் என்பதால், தாளை நிரப்பும் வழிகள் இரண்டின் 63ஆம் அடுக்கு.

சதுரங்கக் கட்டங்களில் முதல் கட்டத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று அரிசி கேட்டு ராஜாவைத் திணறடித்த கதையை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் 64ஆவது கட்டத்தில் மட்டும் வைக்க வேண்டிய அரிசியும் இதே எண்தான்: 9,223,372,036,854,775,808. நம் வழக்கில் சொன்னால் 92 ஆயிரம் கோடி கோடிக்கும் மேல். காசைச் சுண்டிப் போட்டு நிரப்பினால், முழுவதும் சரியாக வர அத்தனையில் ஒரு வாய்ப்பு. விவரம் தெரிந்து நிரப்புபவருக்கு வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் 63 ஆட்டங்களையும் சரியாகச் சொன்ன தாள் என்று உறுதி செய்யப்பட்டது இதுவரை ஒன்றுகூட இல்லை. 2014இல் பெரும் பணக்காரர் வாரன் பஃபெட்டின் பின்பலத்தோடு, முழுவதும் சரியாகச் சொல்பவருக்கு நூறு கோடி டாலர் என்று அறிவித்தார்கள். முதல் இரண்டு நாள் ஆட்டங்கள் முடிவதற்குள்ளேயே அந்தப் போட்டியில் ஒரு தாளும் மிஞ்சவில்லை. 2019இல் ஒஹையோ மாநிலத்துக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னார். ஐம்பதாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், அவர் எழுதியிருந்த டென்னசி அணி பர்டியூ அணியிடம் தோற்றது.

இனி வரலாறு.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் நம்மைப் போல ஒரு வாத்தியார். ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில், மசாசுசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் அடங்காத ஒரு வகுப்பைச் சமாளிக்க, பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கினார். (அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பி.டி. வாத்தியார்களின் குருகுலம் அது.)

என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் பெயரால் நடக்கும் இந்தப் போட்டி 1939இல் தொடங்கியது. அப்போது எட்டே அணிகள். ஆரிகன் அணி ஒஹையோ ஸ்டேட் அணியை 46-33 என்று ஜெயித்தது. நெய்ஸ்மித் இறந்ததும் அந்த ஆண்டுதான்.

எட்டு அணிகள் இருந்தபோது கணிப்பு ஒரு பெரிய விஷயமாக இல்லை. உள்ளே வருவதே பெரிய விஷயம். அணிகளின் எண்ணிக்கை மெல்லக் கூடியது. ஆனாலும் 1974 வரை, ஒரு வட்டாரக் கூட்டமைப்பிலிருந்து ஓர் அணிக்கு மட்டுமே இடம் என்பது விதி. அந்த ஆண்டு ஒரு கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் மேரிலாந்து பல்கலைக்கழக அணியும் நார்த் கரோலினா ஸ்டேட் அணியும் மோதின. கூடுதல் நேரம் வரை இழுத்து, 103-100 என்று மேரிலாந்து தோற்றது. நாட்டிலேயே நான்காவது சிறந்த அணி என்று பட்டியலிடப்பட்ட அணி, பெரிய போட்டிக்குள் கால் வைக்காமலே வீட்டுக்குப் போனது. ஜெயித்த நார்த் கரோலினா ஸ்டேட் அந்த ஆண்டின் சாம்பியனே ஆனது. இது நியாயமா என்ற கேள்வி பலமாக எழுந்தது. அடுத்த ஆண்டே அணிகளின் எண்ணிக்கை 32 ஆனது. கூட்டமைப்பில் தோற்ற அணிக்கும் வாசல் திறந்தது.

வாசல் திறந்ததும் கணிப்பு ஆசையும் வந்துவிட்டது. 1977இல் நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில் ஒரு மதுக்கடையில் 88 பேர் தலைக்குப் பத்து டாலர் கட்டி, இறுதி நான்கு அணிகளையும் சாம்பியனையும் எழுதிக் கொடுத்தார்கள். ஜெயித்தவருக்கு 880 டாலர். இந்தப் பழக்கத்தின் தொடக்கம் இதுதான் என்று பலர் சொல்கிறார்கள். இல்லை, கென்டக்கி மாநிலத்துத் தபால் ஊழியர் ஒருவர்தான் முதலில் தாளில் வரைந்தார் என்று சொல்பவர்களும் உண்டு. 2006இல் அதே மதுக்கடையில் கட்டப்பட்ட பணம் 15 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பணம் கட்டி ஆடுவதைப் பற்றி நான் ஒன்றுதான் சொல்வேன். மேலே எழுதிய அரிசிக் கணக்கை இன்னொரு முறை படியுங்கள். தம்பி மகன் வீட்டில் பந்தயம் ஒரு தட்டு கேசரி மட்டும்தான்.

1979இல் எல்லா அணிகளுக்கும் தர எண் கொடுக்கும் முறை வந்தது. 1985இல் அணிகள் 64 ஆயின. (பிறகு 65, 2011 முதல் 68. கூடுதல் அணிகளுக்குத் தனியாக ஒரு முன்சுற்று.) நாட்டை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை எண் தருவார்கள். ஒன்றாம் எண் பதினாறோடு மோதும், இரண்டு பதினைந்தோடு, எட்டு ஒன்பதோடு. கூட்டினால் எப்போதும் 17. வலுவான அணிகள் முதல் நாளே ஒன்றையொன்று வெளியேற்றிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

இந்த எண்ணை ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்கிறது. அதற்கு உதவியாக 1981 முதல் 2018 வரை ஒரு கணக்கீட்டு முறையை வைத்திருந்தார்கள். அதைக் கேட்டபோது நான் அசந்துபோனேன். ஓர் அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்பதற்கு நூற்றுக்கு 25 மதிப்பெண்தான். அது மோதிய அணிகள் எவ்வளவு வலுவானவை என்பதற்கு 50. அந்த அணிகள் மோதிய அணிகளின் வலுவுக்கு இன்னொரு 25. அதாவது, நீ எவ்வளவு வாங்கினாய் என்பதைவிட, எதை எதிர்த்து நின்று வாங்கினாய் என்பதற்கே அதிக எடை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவேன்.

தர எண் பொய் சொல்வதில்லை. ஐந்தாம் எண் அணியைப் பன்னிரண்டாம் எண் அணி ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு முறை தோற்கடிக்கிறது. எட்டும் ஒன்பதும் மோதினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு அழகாக அமைகிறது. ஆனால் இந்த ஆண்டு எந்தப் பன்னிரண்டாம் எண் ஜெயிக்கும் என்று கேட்டால் அந்தக் கணக்குக்குத் தெரியாது. கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், ஆளைப் பற்றிச் சொல்லாது. 64 அணிகள் ஆடிய முதல் ஆண்டான 1985இலேயே எட்டாம் எண் வில்லனோவா அணி, ஒன்றாம் எண் ஜார்ஜ்டவுனை 66-64 என்று இறுதி ஆட்டத்தில் தோற்கடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு தப்பவே இல்லை. ஒன்றாம் எண்ணும் பதினாறாம் எண்ணும் மோதினால் ஒன்றுதான் ஜெயிக்கும். 1985 முதல் ஆண்கள் போட்டியில் 135 முறை மோதி, 135 முறையும் அப்படியே நடந்திருந்தது. அதனால் நானும் அந்த நான்கு கோடுகளிலும் யோசிக்காமல் ஒன்றாம் எண்ணையே எழுதினேன். சாம்பியன் கோட்டில் வர்ஜீனியா பல்கலைக்கழகம். அந்த ஆண்டு 64 பேரில் முதல் இடம் அவர்களுக்குத்தான். அதுவரை இரண்டே ஆட்டம்தான் தோற்றிருந்தார்கள்.

2018 மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு. வர்ஜீனியாவை எதிர்த்து ஆடியது தம்பி மகன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி: மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுன்டி. சுருக்கமாக யு.எம்.பி.சி. அங்கே பெயர் பெற்ற விளையாட்டு சதுரங்கம். அவர்களுடைய கூடைப்பந்து அணி அந்த ஜனவரியில் இன்னொரு சிறிய அணியிடம் 83-39 என்று, 44 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தது. தங்கள் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தையும் கடைசி நொடியில் போட்ட பந்தால்தான் ஜெயித்து உள்ளே வந்தார்கள்.

இடைவேளையில் 21-21. "அத்தை, தூங்கப் போகாதீங்க" என்றான் தம்பி மகன். இரண்டாம் பாதியில் யு.எம்.பி.சி. 53 புள்ளிகள், வர்ஜீனியா 33. முடிவு 74-54. கடைசி நொடியில் தட்டுத் தடுமாறி வந்த வெற்றி இல்லை, இருபது புள்ளி வித்தியாசம். தெருவில் கார் ஹாரன் சத்தம் கேட்டது. என் தாளில் சாம்பியன் முதல் சுற்றிலேயே வெளியே. கேசரியும் போயிற்று.

மறுநாள் எல்லோரும் "வரலாற்றில் முதல் முறை" என்றார்கள். ஆண்கள் போட்டியில்தான் முதல் முறை. பெண்கள் போட்டியில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1998 மார்ச்சில், பதினாறாம் எண் ஹார்வர்டு பெண்கள் ஒன்றாம் எண் ஸ்டான்ஃபோர்டை அவர்கள் சொந்த மைதானத்திலேயே 71-67 என்று ஜெயித்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் முக்கிய வீராங்கனைகள் இருவர் காயத்தால் ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பெண்கள் செய்ததை இவ்வளவு சுலபமாக மறந்துவிடுகிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

தோற்றவர்கள் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். அவமானப்பட்ட அதே வர்ஜீனியா அடுத்த ஆண்டு, 2019இல், டெக்சாஸ் டெக் அணியை ஜெயித்து சாம்பியன் ஆனது. ஜெயித்த யு.எம்.பி.சி. அடுத்த ஆட்டத்திலேயே கான்சாஸ் ஸ்டேட்டிடம் தோற்றது. 2023இல் ஃபேர்லி டிக்கின்சன் என்ற இன்னொரு பதினாறாம் எண் அணி பர்டியூவை ஜெயித்தது. நடக்கவே நடக்காது என்றது ஐந்தே ஆண்டுகளில் இரண்டாம் முறை நடந்துவிட்டது.

அந்த வாரம் அந்தக் கல்லூரியைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்போது அதன் தலைவராக இருந்தவர் ஃப்ரீமன் ஹ்ரபவ்ஸ்கி. கணக்குப் படித்தவர். கருப்பினத்தவர். அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1963இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அழைப்பை ஏற்றுச் சிறுவர் சிறுமியர் நடத்திய ஊர்வலத்தில் கலந்துகொண்டு, பன்னிரண்டு வயதில் ஐந்து நாள் சிறையில் இருந்தவர். நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குழந்தை கேட்டது.

கருப்பின மாணவர்களுக்கு அறிவியல் வராது என்று பல கல்லூரிகள் வாயால் சொல்லாமலே முடிவு கட்டியிருந்த காலம் அது. 1988இல் அவர், ராபர்ட் மேயர்ஹாஃப் என்ற கொடையாளியின் உதவியோடு, அந்த மாணவர்களுக்காக ஒரு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கினார். பணம் மட்டும் இல்லை. சேர்ந்து படிக்கும் குழுக்கள், ஆய்வகத்தில் வேலை, தோளில் கை போட்டு விசாரிக்கும் ஆசிரியர்கள் எல்லாம் அதில் உண்டு. அந்தத் திட்டத்தில் படித்து 2008இல் பட்டம் பெற்ற கிஸ்மேகியா கார்பெட் என்ற பெண்தான், பின்னாளில் மாடர்னா கொரோனா தடுப்பூசியின் பின்னால் இருந்த முக்கிய விஞ்ஞானிகளில் ஒருவர். பந்தாட்டத்துக்கு முன்பே அந்தக் கல்லூரி பதினாறாம் எண்களை நம்பிப் பழகியிருந்தது.

இப்போது என் மாணவிக்குப் பதில்.

அம்மா, உன் வகுப்பில் 31 பேர். அந்தப் பரீட்சையில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு அப்போது மாதம் 500 ரூபாய் கிடைத்து வந்தது. நான் ஒரு நோட்டில் உங்கள் எல்லோர் பெயரையும் எழுதி எண் போட்டேன். முதல் ஆறு பேரை மட்டும் அனுப்பினேன். எழுதும் தகுதி உனக்கும் இருந்தது. நீ என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நானும் எழுதட்டுமா டீச்சர்?" என்று கேட்டாய். "உனக்கு எதுக்கும்மா வீண் அலைச்சல்" என்று சொன்னது நான்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாண வீட்டில் மறந்ததுபோல நடித்தேன்.

உன் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தேன். வெங்காய அறுவடைக் காலத்தில் நீ வாரத்தில் மூன்று நாள்தான் பள்ளிக்கு வருவாய். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாய். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் போடவில்லை. பந்தாடும் பிள்ளைகளுக்கு எதை எதிர்த்து ஆடினாய் என்று பாதி மதிப்பெண் போடுகிறார்கள். உன்னோடு தினமும் இருந்த நான் போடவில்லை.

அனுப்பியிருந்தால் நீ தேறியிருப்பாய் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அனுப்பிய ஆறு பேரில் இரண்டு பேர்தான் தேறினார்கள், ஆகவே என் நோட்டின் கணிப்பும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. என் தவறு தப்பாகக் கணித்தது இல்லை. எல்லோரும்தான் தப்பாகக் கணிக்கிறோம். 135 முறை தோற்ற பிறகும் அந்த ஊரில் பதினாறாம் எண் அணியைக் கூப்பிட்டு, அதே மைதானத்தில், அதே பூஜ்யத்துக்குப் பூஜ்யத்தில் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். "முடிவு தெரிந்ததுதானே, எதற்கு வீண் அலைச்சல்" என்று யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். உன் ஆட்டத்தை நடக்கவே விடவில்லை. அதுதான் என் தவறு. என்னை மன்னித்துவிடு.

இதைப் படிக்கும் என் மாணவர்களில் பதினொரு பேர் இப்போது ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மனத்துக்குள் எண் போடாமல் உங்களால் இருக்க முடியாது, முப்பத்தைந்து வருஷம் நானும் போட்டேன். போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தைக் கொடுக்கும்போது அந்த நோட்டைத் திறக்காதீர்கள். தகுதி இருக்கும் பிள்ளை எல்லோருக்கும் கொடுங்கள். கேட்கத் தயங்கிப் பின்வரிசையில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுங்கள்.

கல்யாண வீட்டில் அந்தக் குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்க்கப் போகிறார்களாம். அவளுக்கு நான் எண் எதுவும் போடவில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்